தமிழில் வைத்தியம் தந்த டாக்டர் கிறீன்

டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் கற்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மறுவருடம் முதல் மானிப்பாயே அவரது பணிக்களமாயிற்று. நோயாளரைக் கவனித்தபடியே நம்மவர்க்கு வைத்தியமும் பயிற்றினார்.

முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், விடுமுறையில் தாயகம் சென்று 1862இல் திரும்பியபின் தமிழுக்கு மாறினார். தமிழிற் கற்றவர்கள் தம் கிராமங்களிலேயே தங்கிச் சேவை செய்வர் என அவர் நம்பினார். மாணவர்களின் துணையோடு ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். 1867இல் ‘இரணவைத்தியம்’ வெளிவந்தது. துருவிற் எழுதிய சத்திரசிகிச்சை நூலின் தமிழாக்கம் அது. கட்டிகளும் கண்ணோய்களும் அந்நூலின் பொருள்களுட் சில.

கண்ணோய்களிற் சில மிக அரியவை. குழந்தையின் கண்மணி வெண்மையாய்ப் பளிச்சிடுவது விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரைத் தாக்கும் இந்நோயை நேரத்தோடு கண்டறிந்தால் உயிரைக் காக்கலாம். பலவேளை பார்வையையும் காக்கலாம். அதை முதலிற் காண்பவள் பெரும்பாலும் தாயே. அவள் சொல்வதை வைத்தியர் அவள் மொழியிலேயே கேட்டறிய வேண்டும். கிறீன் ஐயா அன்றே அதற்கு வழி திறந்தார்.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிய அவர், 1873இல் அமெரிக்கா திரும்பியபின்னும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து, 1884இற் காலமானார். தமிழரின் வைத்திய ஊழியர் என்றே தம் கல்லறையிற் பொறிக்கப்பட விரும்பினார்.

சாவகச்சேரியிலும் கடல்கடந்தும் வாழும் சகோதரிகளே, பிள்ளையின் கண்ணில் வெண்மை தெரிந்தால் நாளைக்கென்று தள்ளிப்போடாது அன்றே கண் வைத்தியரிடம் காட்டுவோம்.