கிளைவும் சுடாத கைத்துப்பாக்கியும்

காட்டூரில் நின்றால் ஒரு பக்கம் பொன்மலை. இன்னொரு பக்கம், திருவெறும்பூர் தாண்டிப் போனால், 1966ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. நம்ம மெக்கானிக்கல் பிரிவு பசங்களில் சிலருக்கு அப்பா, மாமா என்று யாராவது அங்கே வேலை பார்த்திருப்பார்கள். அதனால்தானோ என்னவோ, மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஒரு மிஸ்ஃபயர் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. கதாநாயகன் ராபர்ட் கிளைவ். (நமக்கு வில்லன்தான், போகட்டும்!)

1725ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அடங்காத பிள்ளை. கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்கு அப்பா அனுப்பி வைத்தார். வழியில் கப்பல் பிரேசிலில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது. 1744ல் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது கையில் காசில்லை, பேசத் தோழனில்லை, மேலே வெயில், கீழே கடன். அந்த நாட்களில் ஒருமுறை வாழ்க்கை வெறுத்துத் தன் கைத்துப்பாக்கியைத் தன் மேலேயே திருப்பினார் என்றும், இரண்டு தரமும் அது வெடிக்கவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லி வருகிறார்கள். அப்போது அறைக்குள் வந்த நண்பன் அதே துப்பாக்கியை ஜன்னல் வழியே சுட்டானாம். டமார்! உடனே கிளைவ், எதற்கோதான் தன்னை விதி விட்டு வைத்திருக்கிறது என்று நம்பிவிட்டாராம்.

விதி கிடக்கட்டும், பட்டறைக்காரன் கண்ணால் பார்ப்போம். இன்றைய தோட்டாவின் அடியில் பிரைமர் என்ற சின்னக் கிண்ணி இருக்கிறது. ஊசி தட்டினால் அதுவே பொறி கொடுக்கும். அன்று அது கிடையாது. மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகக் கையாலேயே இடிக்க வேண்டும். வெளியே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை நைஸ் மருந்து. குதிரையில் கடித்து வைத்த சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணத்தில் விழும். நெருப்பு ஊசித் துளை வழியே உள்ளே பாயும். இதில் எங்கே வேண்டுமானாலும் தகராறு வரும். கல் மழுங்கியிருக்கலாம். தகடு மெத்தென்று போயிருக்கலாம். துளையில் கரி அடைத்தால் கிண்ணம் மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்கும். எல்லாவற்றையும்விட ஈரம்! கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. அது சுத்தமில்லை என்றால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னைக் கடற்கரைக் காற்றில் இரண்டு தரம் பொய்த்து மூன்றாம் தரம் பிடித்தது எனக்கு அதிசயமாகப் படவில்லை. அந்த நண்பன் சரியான நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தான் பாருங்கள், அதுதான் பெரிசாகப் படுகிறது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1751ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் நம்ம திருச்சிக் கோட்டையைச் சுற்றி வளைத்திருந்தபோது, கவனத்தைத் திருப்புவதற்காகச் சுமார் 500 பேருடன் இடி மழையில் நடந்து போய் ஆற்காட்டைப் பிடித்தார் கிளைவ். அங்கே 50 நாள் முற்றுகை தாங்கினார்.

1752 ஏப்ரலில் சமயபுரத்தில் முகாம். நள்ளிரவில் பிரெஞ்சுப் படை, கம்பெனியை விட்டு ஓடிப்போன ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, புகுந்துவிட்டது. சத்திரத்தில் படுத்திருந்தவரின் கால்மாட்டுப் பெட்டி சிதறியது. பக்கத்தில் படுத்திருந்த வேலையாள் செத்தான். விடியும்போது ரத்தம் போய்த் தள்ளாடி, இரண்டு சார்ஜண்டுகள் தோளில் சாய்ந்து நின்றவரைக் குறிவைத்து ஒருவன் சுட்டான். இந்தத் தரம் துப்பாக்கி ஒழுங்காகத்தான் வெடித்தது; விழுந்தது இரண்டு சார்ஜண்டுகளும்! அந்த ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் தலை போயிற்று.

அடுத்து வங்காளம். 1757 ஜூன் 23, பிளாசி. கிளைவிடம் சுமார் 3,000 பேர். நவாப் சிராஜ் உத்தௌலாவிடம் ஏறக்குறைய 50,000. மத்தியானம் கொட்டியது ஒரு மழை. கம்பெனிக்காரன் தார்ப்பாயை இழுத்து மருந்தை மூடினான். நவாப் பக்கம் மூடவில்லை, பீரங்கிகள் ஊமையாயின. எதிரி மருந்தும் நனைந்திருக்கும் என்று நம்பிப் பாய்ந்த மீர் மதன் குண்டடிபட்டு மாண்டார். மீர் ஜாபர் விலகி நின்ற துரோகத்தை எல்லோரும் பேசுவார்கள். தார்ப்பாயைப் பற்றி யார் பேசுகிறார்கள்? துரோகம் இல்லாமல் அந்தப் போர் முடிந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காய்ந்த மருந்து இல்லாவிட்டால் மத்தியானமே கதை மாறியிருக்கலாம். அதற்கு அடுத்த வருஷமே பீகார் வெடியுப்பு முழுவதும் கம்பெனி கைக்குப் போனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அள்ளிய செல்வத்தோடு 1767ல் ஊர் திரும்பினார். 1770ல் வங்காளம் பஞ்சத்தில் மடிந்தது. 1773ல் பாராளுமன்றம் அவரைக் கூண்டில் ஏற்றாத குறையாக விசாரித்து, கடைசியில் நாட்டுக்குச் சேவை செய்தவர் என்று சொல்லி விட்டுவிட்டது. உடம்பில் வலி, அதற்கு அபின். 1774 நவம்பர் 22ல் லண்டன் பெர்க்லி சதுக்க வீட்டில் 49 வயதில் இறந்தார். தானே தேடிக்கொண்ட முடிவு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அந்தத் தரம் அறைக்கு யாரும் சரியான நேரத்தில் வரவில்லை. சொந்த ஊர்ப் பக்கம் மோர்ட்டன் சே என்ற கிராமத்துத் தேவாலயத்தில், புதைத்த இடத்தில் பெயர்கூடப் பொறிக்காமல் புதைத்தார்கள்.