தம் உடலையே சோதனைக்களமாக்கியவர்

நாம் வாழும் புனே நகரை 1897ஆம் ஆண்டில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. நோயுற்றோருக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் புலே, அந்நோய்க்கே ஆளாகி மார்ச் 10ஆம் நாள் உயிர்நீத்தார். அதற்குச் சரியாக இரண்டு திங்களுக்கு முன், பம்பாயில் ஓர் அறிஞர் தாம் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியை முதன்முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். அவர்தாம் வால்டெமர் ஹாஃப்கின்.

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டில் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். உடலில் நுழையும் கிருமிகளை வெள்ளையணுக்கள் விழுங்குகின்றன என்று கண்டறிந்த மெச்னிகாவ், அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பின்னர்ப் பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஹாஃப்கினுக்கு முதலில் கிடைத்தது நூலகப் பணியே. 1892இல் காலரா தடுப்பூசியை உருவாக்கி, மறு ஆண்டு இந்தியா வந்தார்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் தாழ்வாரமே அவருடைய ஆய்வுக்கூடம். உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று பணியாளரும் இருந்தனர். இறைச்சிச் சாற்றின்மேல் அவர் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். ஆம், நம் அடுக்களையில் உள்ள அதே நெய்தான்! அத்துளிகளின் அடியில் கிருமிகள் ஆலம்விழுதுகள்போல் தொங்கி வளர்ந்தன. அவற்றை வெப்பத்தால் கொன்று தடுப்பூசி செய்தார்.

ஊசி செலுத்திக்கொண்ட பின் அவருக்குக் காய்ச்சலும் கடும் வலியும் கண்டன. இறந்த கிருமிகள் எவ்வாறு காய்ச்சலைத் தரும்? அதன் விடையை அன்று எவரும் அறியார். அயற்பொருளைக் கண்ட வெள்ளையணுக்கள் இன்டர்லூக்கின் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. அவை விடுக்கும் செய்தியால் மூளை உடல்வெப்பத்தை உயர்த்துகிறது. இக்கிளர்ச்சி எல்லை மீறினால் நம் உடலுக்கே கேடாகும். ஆதலால் அதனை அடக்கும் புரதங்களையும் உடலே உண்டாக்குகிறது. இன்டர்லூக்கின் 10 அவற்றுள் ஒன்று.

1902இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் தடுப்பூசி பெற்ற 19 பேர் இசிவுநோயால் மாண்டனர். பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது, பணியையும் இழந்தார். மாசடைந்தது ஒரே ஒரு குப்பி. அதுவும் ஊரில் அதைத் திறந்தபோது நேர்ந்த பிழையால். இதனை அறிஞர்கள் எடுத்துக்காட்டியும், பழி நீங்க 1907 வரை ஆயிற்று. அந்தத் தாமதத்திற்கு எவ்விதச் சமாதானமும் கூற இயலாது.

அவர் தொடங்கிய ஆய்வுக்கூடத்திற்கு 1925இல் அவர் பெயரே சூட்டப்பெற்றது. மும்பை பரேலில் அது இன்றும் இயங்குகிறது. ஹாஃப்கின் 1930இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார்.