காடும் அழுதது

இத்தாலி நாட்டில் 1680-ம் ஆண்டு பிறந்தவர் பெஸ்கி. கிறிஸ்தவத் துறவியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார், தமிழ் கற்றார், காவி உடுத்தார். அவரே வீரமாமுனிவர். அரியலூர் சீமையில், ஏலாக்குறிச்சி என்ற சிற்றூரில் அடைக்கல மாதா கோவிலை எழுப்பினார்.

ஏசுநாதரின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரின் கதையை 'தேம்பாவணி' என்ற காவியமாகப் பாடினார். அதில் 3,615 பாடல்கள் உள்ளன.

அந்தக் காவியத்தில் ஓர் உருக்கமான கட்டம். கருணையன் என்ற இளைஞன் தாயோடு காட்டில் வாழ்கிறான். தாய் இறந்துவிடுகிறாள். குழியில் மலரைப் பரப்பி, அவளை அடக்கம் செய்கிறான். மழையின்றி வாடும் இளம்பயிர் போல நின்று கதறுகிறான். தேற்ற ஒருவரும் இல்லை. ஆனால் காடு அவனைக் கைவிடவில்லை. பறவைகளும் வண்டுகளும் கூட அழுதன.

அழுவது பலவீனம் அல்ல. ஆனால் அழுகையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சூசையப்பரும் நோயுற்று இறக்கிறார். காவியம் அங்கே நிற்கவில்லை. வானுலகில் அவருக்கு முடிசூட்டிய பிறகே முடிகிறது. சாவு முடிவல்ல, வாசற்படி என்பதே முனிவரின் நம்பிக்கை.

1747-ம் ஆண்டு கேரளத்தில் முனிவர் மறைந்தார். அவர் எழுப்பிய அடைக்கல மாதா கோவிலுக்கு இன்றும் மக்கள் கண்ணீரோடு வருகிறார்கள்; ஆறுதலோடு திரும்புகிறார்கள்.