ஹவானாவில் எடுத்த படம்

குத்துச்சண்டை வீரர்களின் பழைய புகைப்படங்களைச் சேர்ப்போர் உலகெங்கும் உண்டு. அக்கூட்டத்தில் நானும் ஒரு சிறியவன். அசல் படிகளை வாங்க மாணவன் கையில் பணம் ஏது? மறுபதிப்புகளையும் பத்திரிகைத் துண்டுகளையும் ஒட்டி வைத்துத் திருப்தியடைகிறேன். அப்படிச் சேர்க்கையில் ஒன்றைக் கவனித்தேன். ஜாக் ஜான்சன் என்று பெயர் சொன்னால் பெரும்பாலோர் முதலில் நீட்டுவது ஒரே படத்தைத்தான்.

1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில் எடுத்த படம் அது. ஜான்சன் மேடையில் மல்லாந்து கிடக்கிறார். வெயிலுக்குக் கண்ணை மறைப்பவர்போல் கை மேலே உயர்ந்திருக்கிறது. அருகே ஜெஸ் வில்லார்டு என்ற வெள்ளையர் நிற்கிறார். ஜான்சன் வென்ற சண்டைகள் எத்தனையோ இருக்க, தோற்ற படம் மட்டும் ஏன் இவ்வளவு பரவிற்று?

நண்பர்களே, அவர் கதையைச் சற்றுக் கேளுங்கள். 1878-இல் டெக்ஸாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன் துறைமுகத்தில், முன்னாள் அடிமைகளுக்கு மகனாகப் பிறந்தவர் அவர். இளமையில் துறைமுகக் கூலி. கைவன்மை ஏறிய பிறகும் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்கான மேடை அவருக்குத் திறக்கவில்லை. பட்டம் வைத்திருந்த ஜிம் ஜெஃப்ரிஸ், கறுப்பரோடு பட்டத்துக்காக மோத மறுத்தே 1905-இல் ஓய்வு பெற்றார். பின்னர் பட்டத்துக்கு வந்த டாமி பர்ன்ஸை ஜான்சன் கடல் கடந்து துரத்தினார். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் பிடித்தார். பதினான்காம் சுற்றில் பர்ன்ஸ் தள்ளாடவே போலீசார் சண்டையை நிறுத்தினர். படமெடுத்துக்கொண்டிருந்த கேமராவும் நின்றது. வெள்ளையர் சாய்வதை உலகம் காணலாகாதே!

பிறகு ஜெஃப்ரிஸையே ஓய்விலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். அதுவரை எவரும் கீழே வீழ்த்தியிராத ஜெஃப்ரிஸ் பதினைந்தாம் சுற்றில் தோற்றார். அன்றிரவே அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம். உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர். அப்படச்சுருளை ஊருக்கு ஊர் தடை செய்தனர். 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லக் கூடாதென்று சட்டமே வந்தது. 1940-இல்தான் அது நீங்கிற்று.

மேடையில் வெல்ல முடியாதவரை நீதிமன்றத்தில் வென்றார்கள். வெள்ளைப் பெண்களோடு வாழ்ந்ததையே குற்றமாக்கி, 1913-இல் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி தீர்ப்பளித்தது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை. ஜான்சன் நாட்டைவிட்டுத் தப்பினார். ஹவானாவில் சண்டையிட்டபோது அவருக்கு வயது 37. இருபத்தாறாம் சுற்றில் வீழ்ந்தார். வேண்டுமென்றே தோற்றதாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார். கண்ணை மறைத்த கையே சாட்சி என்பாரும் உண்டு. நான் நம்பவில்லை. தோற்பதற்காக எவன் கொதிக்கும் வெயிலில் இருபத்தாறு சுற்று நிற்பான்?

அவரிடமும் குறையில்லாமல் இல்லை. பட்டம் கைக்கு வந்தபின், சாம் லாங்ஃபோர்டு என்ற சிறந்த கறுப்பு வீரருக்கு அவர் வாய்ப்பே தரவில்லை. தமக்கு அடைத்த கதவைத் தாமும் அடைத்தார் என்பதை அவரை விரும்புகிற நானும் மறைப்பதற்கில்லை.

1920-இல் திரும்பி வந்து சரணடைந்து, லெவன்வொர்த் சிறையில் தண்டனையை அனுபவித்தார். 1946 ஜூன் 10 அன்று வட கரோலினாவில் கார் விபத்தில் இறந்தார். அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2018-இல். அதற்குள் 72 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

ஹவானாப் படம் பரவியதன் காரணம் இப்போது விளங்கும். அவர் வென்ற படங்களுக்குத் தடை, வீழ்ந்த படத்துக்கு விற்பனை! ரீனோப் படச்சுருள் அழியாமல் தப்பி, 2005-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. வாய்ப்புள்ளோர் அதைப் பாருங்கள். அதில் கயிறுகளினூடே விழுந்து கிடப்பவர் ஜெஃப்ரிஸ்.