கணக்கர் குமரப்பா

தஞ்சையிலே 1892-ஆம் ஆண்டு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஜோசப் கார்னீலியஸ் என்பார், லண்டனிற் கணக்குப் பரிசோதனைக் கல்வி முற்றுவித்துப் பம்பாயிற் பொருளீட்டி வாழ்ந்தார். பின்னர் அமெரிக்காவிற் கொலம்பியா சர்வகலாசாலையில் இராஜாங்க வரவு செலவை ஆராயப் புகுந்தவர், நம் நாட்டு வறுமைக்கு அந்நியராட்சியின் வரிமுறை காரணமாதலைக் கண்டார். 1929-இற் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேனாட்டுடை களைந்து கதர் பூண்டு, குமரப்பா என்னும் குடும்பப் பழம்பெயரை மேற்கொண்டார். ஏசுநாதரை மட்டும் விட்டாரல்லர். அரசினர் சார்பிற் பேசிய குருமாரோடு அம்மறை கொண்டே வாதிட்டார்.

பொருளை வாங்குவோன் அது விளைந்த விதத்திற்கும் பொறுப்பாளி என்பது அவர் கொள்கை. கடைத்தெருவில் மலிவொன்றே நாடும் நமக்கு இது கசப்பே. ஆலையரிசியை விலக்கிக் கைக்குத்தலரிசியை அவர் போற்றியதும், கிராமக் கைத்தொழில்களுக்கு உழைத்ததும் இக்கொள்கை பற்றியே.

ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதியவை இரண்டு நூல்கள்: ஒன்று ஏசுவின் போதனை பற்றியது, மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. 1960 ஜனவரி 30-இற் சென்னையிற் காலமானார்.