வாத்தியக்காரரின் தலைவர் பெட்ரில்லோ

அமெரிக்க வாத்தியக்காரர் சம்மேளனம் 1896-ம் வருஷம் ஸ்தாபிதமாயிற்று. அதன் தலைவர்களுள் தூற்றுதலும் போற்றுதலும் ஒருங்கே பெற்றவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. 1892-ல் சிகாகோ நகரில், சாக்கடைக் கால்வாய் தோண்டும் இத்தாலியக் கூலியாளின் மகனாகப் பிறந்தார். பால்யத்தில் டிரம்பெட் ஊதிப் பிழைத்தார். பேசும் படம் வந்ததும் கொட்டகைகளில் வாசித்துவந்த ஆயிரக்கணக்கானோர் ஜீவனம் இழந்ததைக் கண்ணாரக் கண்டார்.

1940-ல் தலைவரானார். 1942 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அங்கத்தினர் எவரும் கிராமபோன் தட்டுக்கு வாசிக்கலாகாதென உத்தரவிட்டார். யுத்த காலத்தில் இது தகுமா என்று பலரும் சீறினர். 1944-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே வேண்டியும் அவர் இணங்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் கடைசிப் பெருங் கம்பெனிகளும் பணிந்தன. விற்கும் தட்டுகளுக்காகச் சங்க நிதிக்குப் பணம் சேர்ந்தது. வேலையற்ற வித்வான்கள் ஊதியம் பெற்றுப் பொதுஜனங்களுக்கு இலவசக் கச்சேரி செய்தனர்.

பின்னர், தட்டுக்கு வாசித்தவர்களே தங்கள் உழைப்பின் பலன் பிறருக்குப் போவதாகக் குறைகூறிப் பிரிந்தனர். 1958-ல் அவர் பதவி விலகினார், 1984-ல் காலமானார்.

அவருடைய முறைகள் கடுமையானவை என்பதை நாம் மறுக்கவில்லை. யந்திரத்தைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் அதன் லாபத்தில், அதனால் பிழைப்பிழந்தவனுக்கும் பங்குண்டு என்ற அவருடைய கொள்கை நியாயமானதென்றே நாம் கருதுகிறோம்.