லயவித்வான் தக்ஷிணாமூர்த்திப் பிள்ளை

நமது புதுக்கோட்டைக்கு ஸங்கீத உலகிற் பெரும்புகழ் ஈட்டித் தந்தோருள் தக்ஷிணாமூர்த்திப் பிள்ளையவர்களை நாம் மறத்தலாகாது. அவர் 1875-ம் ஆண்டிற் பிறந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையவர்களே அவருக்கு ஆசிரியர். பலாமரச் சட்டத்தில் உடும்புத்தோல் போர்த்து ஒரு கையால் வாசிக்கும் அச்சிறு கருவியிலும், மிருதங்கத்திலும் அவர் ஒருங்கே வன்மை பெற்றார்.

அக்காலத்துக் கச்சேரிக் குழு நிலையானதன்று. பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஊருக்கு ஊர் மாறுவர். காஞ்சீபுரம் நாயனா பிள்ளையவர்களின் மேடையிலோ பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் முதலிய பலவும் சூழ்ந்திருக்கும். அதனை 'புல் பெஞ்சு' என்பர். அங்கே கஞ்சிரா நம் பிள்ளையவர்களுடையது. எவரோடு அமரினும் பாட்டின் அளவறிந்து வாசித்தலே அவருக்குரிய பெருமை.

1912-ல் பிறந்த பாலக்காடு மணி ஐயர் மேடைகளில் இளைஞராய்த் தோன்றியபோது, பிள்ளையவர்கள் முதுபெரும் வித்வான். மூப்பையுங் கீர்த்தியையுங் கருதி மிருதங்கத்தைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டிருக்கலாம். அவரோ அதனை இளையவர்க்கு விட்டு, அருகே கஞ்சிராவுடன் அமர்ந்தார். செம்பை வைத்தியநாத பாகவதர் கச்சேரிகளில் இவ்விருவரும் சேர்ந்து வாசித்த தனியாவர்த்தனம் நெடுநாள் பேசப்பட்டது.

1936-ல் பிள்ளையவர்கள் மறைந்தார். புதுக்கோட்டை வழியோ மறையவில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) முதலியோர் கைகளில் அது தழைத்தது. தாழ்ந்த இடத்தில் அமர்ந்ததால் அவர் புகழ் குறைந்ததில்லை. மாணவர்களாகிய நாம் கருதத்தக்கது இதுவேயாம்.